பெயர் தெரியாத முப்பத்தெட்டுப் பேர்

கைப்பேசியை வாங்கியதும் புருல்கான் அதன் திரையைப் பார்ப்பதில்லை. கவிழ்த்து, அதன் முதுகைத் தன் இடது மணிக்கட்டின் உட்புறத்தில் பதித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தாயின் முகம் அப்போது அவளுக்கு வந்துவிடும். பத்து எண்ணுகிற நேரம் அப்படியே இருப்பாள். பிறகு, "உள்ள யாரோ ஓயாம ஓடிக்கிட்டிருக்காங்க" என்பாள். அல்லது, "இது சும்மா வெயில்ல வச்ச சூடு, கொண்டுபோய் நிழல்ல வை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஓஷ் நகரச் சந்தையில் ஆற்றை ஒட்டி நிற்கும் இரும்புப் பெட்டிக் கடைகளில், மூன்றாவது வரிசையில் ஒன்று அவளுடையது. ஒரு பக்கம் கம்பளிச் செருப்புக் கடை, மறுபக்கம் பொத்தானும் ஜிப்பும் விற்கிற கடை. குளிர்காலத்தில் விரல் விறைக்கும், கோடையில் பெட்டி ரொட்டி அடுப்பாகிவிடும். வயது நாற்பத்தேழு. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்குக் கம்பி இல்லை, ரப்பர் வளையம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேசையோரம் பாதி குடித்து ஆறிப்போன பச்சைத் தேநீர்க் கிண்ணம். உலர்ந்த தயிர் உருண்டை ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பேசுவாள். அதைக் கடிக்கிற சத்தம் கேட்டால் பேச்சு முடிந்தது, எழுந்து போகலாம் என்று பொருள். இது சந்தையில் எல்லோருக்கும் தெரியும்.

கைப்பேசியின் உடைந்த கண்ணாடியை மாற்றவும் மின்கலம் மாற்றவும் அந்த வரிசையிலேயே ஒன்பது ஆண்கள் இருக்கிறார்கள். புருல்கானிடம் பெண்கள் வருவது வேறொன்றுக்காக. திரையின் உச்சியில் ஒரு பெயர் வந்துவிட்டுப் போகும். பின்னணியில் ஏதோ இயங்குகிறது என்று சொல்லும். யார், எதற்கு என்று சொல்லாது. பாதிக் கணவன்மார்கள் ருஷ்யாவில் இருக்கிற ஊர் இது. அவர்களுடைய குரல் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. குழந்தை முதலடி வைத்த படம் அதில்தான். மாமியார் காதில் விழாமல் பிறந்த வீட்டுக்கு அனுப்பிய அழுகையும் அதில்தான். அதற்குள் முன்பின் தெரியாத ஒருவன் நடமாடுகிறான் என்றால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரமாட்டார்களா?

பூட்டைத் திறக்கும் எண்ணை அவள் யாரிடமும் கேட்டதில்லை. "சுவத்தைப் பாத்து நின்னு நீயே திறந்து குடு" என்பாள். திறந்த பிறகு அமைப்புகளுக்குள் போய், பதிப்பு எண் எழுதியிருக்கும் வரியை விரல்நுனியால் ஏழு முறை தட்டுவாள். ஏழாவது தட்டில் ஒளிந்திருக்கும் கதவு ஒன்று திறக்கும். "ஏழு தலைமுறைப் பாட்டன் பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுறான். செஞ்சவன் நம்ம ஊர்க்காரன் போல" என்று எல்லோரிடமும் சொல்கிற ஒரே வேடிக்கையை அப்போது சொல்வாள். ஏழு பாட்டன்மார் பெயரையும் ஒப்பிக்கத் தெரிந்தவனைத்தான் அந்த ஊரில் ஆளாக மதிப்பார்கள். உள்ளே பட்டியல் நீளும். ஆங்கில எழுத்தும் நடுநடுவே புள்ளியுமாக, வாயில் நுழையாத பெயர்கள்.

புருல்கானுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் பெயர்களின் உருவம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். பெயர் வைப்பது அவளுக்குப் புதிதும் அல்ல. மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மாமனார் பெயரையும் மைத்துனர்கள் பெயரையும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, மருமகள் வேறு பெயர் வைத்துத்தான் அழைக்க வேண்டும். மாமனாரின் பெயருக்கு இரும்பு என்று பொருள். ஆகவே இரும்புச் சட்டியைக்கூட அவள் இருபது வருடம் 'கருப்பானது' என்றுதான் சொல்லிவந்தாள். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. எழுப்பிவிடுகிறவள், விலாசக்காரி, கடிதக்காரி, சுவர் பூசுகிறவள் என்று இரும்புச் சுவரின் உட்பக்கம் முழுக்கச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறாள். அச்சுக்காரன் என்று ஒருவனும் உண்டு. "இந்த ஊர்ல கைப்பேசியிலேர்ந்து எவன் அச்சடிக்கிறான்? பாவம், காலங்காலமா வேலையில்லாம உக்காந்திருக்கான். கெட்டவன் இல்ல" என்பாள்.

இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சந்தையில் எடைக்குப் போட்ட ஐந்து பழைய கைப்பேசிகளை வாங்கி வரிசையாக வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவரை நிறுத்துவாள். ஒரு பகல், ஓர் இரவு காத்திருப்பாள். எது செத்தது என்று பார்ப்பாள். ஒருத்தியை நிறுத்தினால் காலையில் மணி அடிக்காது. இன்னொருத்தியை நிறுத்தினால் எழுதுகிற பலகையே எழும்பாது. ஒருத்தியை நிறுத்தினால் எல்லாப் பெயர்களும் மறைந்து வெறும் எண்கள் மட்டும் நிற்கும். எதுவும் சாகாவிட்டால் இன்னொரு நாள் காத்திருப்பாள். இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று.

அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பதை அவள் வாடிக்கைக்காரர்கள் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால், கிராமத்தில், கணவர் ருஷ்யாவிலிருந்து வாங்கி அனுப்பிய கைப்பேசி அவளிடம் இருந்தது. தெரியாத பெயர் ஓடினால் எவனோ ஒட்டுக் கேட்கிறான் என்று கிணற்றடியில் யாரோ சொன்னார்கள். வயலில் களை பிடுங்குகிற மாதிரி, அவள் கண்ணில் பட்ட பெயரையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். மின்கலம் தீராமல் இரண்டு நாள் தாங்கியது. அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

அந்த இரண்டு நாளில்தான் கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தார். மருத்துவமனையில், நினைவு இருந்தபோதெல்லாம், அவள் குரலைக் கேட்க வேண்டும் என்றாராம். கூட வேலை செய்தவன் பத்தொன்பது முறை அழைத்திருக்கிறான். அழைப்பைச் சுமந்து வந்து மணியடிக்க வேண்டியவளை இவள் தன் கையாலேயே நிறுத்தி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டார் சாவுச் செய்தியோடு வந்தபோது மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவுக் கையோடு கைப்பேசியைத் திறந்தாள். தவறிய அழைப்புகள் பத்தொன்பதும் ஒன்றன்கீழ் ஒன்றாக அப்போதுதான் வந்து விழுந்தன.

அன்றிலிருந்து தெரியாத பெயர் என்பதற்காக மட்டும் எதையும் அவள் நிறுத்துவதில்லை. பெயரை விட்டுவிடு, வேலையைப் பார் என்பாள். எப்போது வந்தது, என்ன கேட்கிறது, போ என்றால் போகுமா என்று விசாரிப்பாள். வீட்டோடு பிறந்தவர்கள் கைப்பேசியின் பிறந்த தேதியையே சுமந்திருப்பார்கள். தன் வேலைக்கு வேண்டியதற்கு மேல் கேட்கமாட்டார்கள். நடுவில் நுழைந்தவன்தான் வாசலையும் ஜன்னலையும் ஒருசேரக் கேட்பான்.

இந்த ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை நடுப்பகலில் துர்சுனாய் வந்தாள். அறுபது வயதைத் தாண்டிய, நிமிர்ந்த நடைக்காரி. நடக்கிற வேகத்தில் மட்டும் ஏதோ களைப்பு. பின்னால் இரண்டடி தள்ளி அவள் மருமகள் ஜிபார். கைப்பேசி மருமகளுடையது, ஆனால் மாமியாரின் கையில் இருந்தது. துர்சுனாய் உட்கார்ந்ததும் அதை மேசையில் வைத்தாள். ஜிபார் உட்காரவில்லை.

விஷயத்தைத் துர்சுனாய் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மகன் எர்மெக் நோவோசிபிர்ஸ்கில் கட்டட வேலையில் இருக்கிறான். இளவேனிற்காலத்தில் மனைவிக்கு இந்தக் கைப்பேசியை வாங்கி ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான். மருமகள் அதிகம் பேசுவதும் இல்லை, படம் பார்ப்பதும் இல்லை. ஆனாலும் மதியத்துக்குள் மின்கலம் தீர்ந்துவிடுகிறது. உள்ளே பெயர் தெரியாத என்னென்னவோ ஓடுகின்றன. ரகசியமாகப் பேச அப்படி ஒன்றை ஒளித்து வைப்பார்கள் என்று எர்மெக்கிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனும் அப்படித்தான் இருக்கும் என்கிறான். சந்தையில் இருக்கிற அந்த அம்மாளிடம் காட்டுங்கள், ஒன்றே ஒன்று இருந்தாலும் தலாக் என்று மூன்று தடவை சொல்லி முடித்துவிடுகிறேன், அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்லியிருக்கிறான்.

"பேரன்?" என்று புருல்கான் கேட்டாள்.

"பேரன் எங்க வீட்டுப் பிள்ளை. எங்களோடதான் இருப்பான்" என்றாள் துர்சுனாய். சொல்லும்போது மருமகளைப் பார்க்கவில்லை.

புருல்கான் கைப்பேசியை மணிக்கட்டில் பதித்துக் கண்ணை மூடினாள். அந்தச் சூட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறக்காமல் அதை ஜிபாரிடம் நீட்டினாள். ஜிபார் சுவர்ப்பக்கம் திரும்பிப் பூட்டைத் திறந்து கொடுத்தாள். அவள் விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன, வெகுநேரம் தண்ணீரில் துணி அலசியவளின் விரல்கள்.

பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர்கள்.

"முப்பத்தெட்டுப் பேரா? என் வீட்டுலயே மொத்தம் நாலு பேருதான்" என்றாள் துர்சுனாய்.

ஒவ்வொருவரையும் நானே விசாரித்தாக வேண்டும் என்று அவள் அடம் பிடித்தாள். புருல்கானும் சலிக்கவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் காட்டி, சுவரில் எழுதியதையும் காட்டி, இவள் இன்னார், இவளுக்கு இன்ன வேலை என்று சொல்லிக்கொண்டே போனாள். விலாசக்காரியைப் பற்றிக் கேட்டதும் துர்சுனாய், எல்லார் எண்ணும் தெரிந்தவள் கோள் சொல்லமாட்டாளா என்றாள். சுவர் பூசுகிறவளிடம், படத்தை ஒருமுறை மாட்டினால் போதாதா, தினமுமா பூசுவாள் என்று குறுக்கு விசாரணை செய்தாள். எழுப்பிவிடுகிறவள் வந்தபோது புருல்கான், காலையில் ஆறு மணிக்கு அடிக்கிறாளே, அவள்தான் இவள் என்றாள்.

"அஞ்சு மணிக்கு" என்றாள் ஜிபார். கடைக்குள் வந்த பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

பதினைந்து பேர் தாண்டியதும் துர்சுனாய்க்கு அலுத்துவிட்டது.

"ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கிறவங்களை எதுக்கு வீட்டுல வச்சுத் தீனி போடணும்? எல்லாரையும் வெளிய தள்ளு, பொண்ணே."

"சும்மா உக்காரலம்மா. நீங்க கூப்பிட்டா எந்திரிச்சு வருவாங்க, வேலை முடிஞ்சா பின்னால போயிடுவாங்க. உங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்னு அவங்களுக்கு ஆசை இல்ல. உங்க மருமக உங்க வீட்டுல எப்படி இருக்கா, அது மாதிரிதான்."

துர்சுனாய் தனக்கு ஊற்றி வைத்திருந்த தேநீர்க் கிண்ணத்தை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

முப்பத்தேழு பேரும் வீட்டோடு பிறந்தவர்கள். முப்பத்தெட்டாவதில் புருல்கானின் விரல் நின்றது. பல்சக்கரப் படம் போட்டு, வீட்டோடு பிறந்தவன் மாதிரியே பெயர் சூட்டிக்கொண்டிருந்தான். பழைய மடிக்கணினியை இழுத்து, கம்பியைச் சொருகி, எல்லோரும் வந்த தேதியைப் பார்த்தாள். மற்றவர்களெல்லாம் ஒரே நாளில் பிறந்தவர்கள். இவன் மட்டும் மார்ச் பத்தொன்பதாம் தேதி நுழைந்திருந்தான். இருக்கிற இடம், பேசிய எண்கள், பேசிய நேரம், அத்தனையும் கேட்டு வாங்கி வைத்திருந்தான். ஒரு நிமிடம்கூடத் தூங்காமல் போகிற வழியெல்லாம் குறித்துக்கொண்டே இருந்ததில்தான் மின்கலம் மதியத்துக்குள் செத்திருக்கிறது. போ என்றால் போகவும் முடியாதபடி வீட்டு நிர்வாகத்தையே கையில் வாங்கிக்கொண்டிருந்தான்.

"இந்தக் கைப்பேசி உங்க வீட்டுக்கு என்னைக்கு வந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

மார்ச் மாதக் கடைசியில், இருபத்தாறோ இருபத்தேழோ என்றாள் துர்சுனாய்.

புருல்கான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கைப்பேசிக்குள் பார்த்ததை, அதை வைத்திருப்பவளைத் தவிர வேறு யாரிடமும் சொல்வதில்லை. கணவன் கேட்டும் சொன்னதில்லை, காவலர் கேட்டும் சொன்னதில்லை. ஆனால் இங்கே சொல்லாமல் விட்டால் 'ஏதோ ஒன்று இருந்தது' என்கிற பேச்சு மட்டும் மிஞ்சும். அந்தப் பேச்சே போதும், ஒரு மூன்று வயதுக் குழந்தை தாயில்லாமல் தூங்கப் பழகிவிடும். சொன்னாலோ ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நெருப்பு வைத்தது போல ஆகும். தன் விரல் தவறான இடத்தில் பட்டு ஒரு வீடு அணைந்ததை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவள் அவள்.

"தங்கச்சி, நான் பாத்ததை உன் மாமியார் முன்னால சொல்லலாமா?"

ஜிபார் தலையை நிமிர்த்தினாள்.

"சொல்லுங்கக்கா. அம்மாகிட்ட மறைக்க எனக்கு ஒண்ணும் இல்ல."

புருல்கான் வாயைத் திறப்பதற்குள் துர்சுனாயின் கைப்பேசி அடித்தது. எர்மெக். மேசையில் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்ததும் சிமெண்டுப் பூச்சு படிந்த முகம் ஒன்று திரையில் தெரிந்தது. இருபத்தெட்டு வயதிருக்கும். தூங்காத கண்.

"பாத்தாங்களா? என்ன இருந்துச்சு?"

பார்த்துக்கொண்டிருக்கிறாள், பொறு என்றாள் தாய்.

"எதுக்குப் பொறுக்கணும்? பக்கத்துல நிக்கிறா இல்ல, அவகிட்டயே கேளுங்க. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை எங்க போறான்னு கேளுங்க. பாலத்தைத் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், அதே கட்டடம். மூணு மணி நேரம். ஏழு வாரமா. யாரு இருக்கான் அங்க?"

துர்சுனாயின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மெதுவாக.

அந்தப் பக்கம் எங்கோ இரும்பை அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

புருல்கான் ஜிபாரின் கைப்பேசியைத் துர்சுனாய் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இந்த முப்பத்தெட்டாவது ஆள் சொல்லியிருக்கான்மா. இவனை உள்ள வச்சது உங்க மருமக இல்ல. இது இங்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே இவன் வந்துட்டான்." பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள், "தம்பி, இவன் பேரு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

எர்மெக் கன்னத்தைத் தேய்த்தான். சிமெண்டு உதிர்ந்தது.

"ஆமா, நான்தான் வச்சேன். ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறேன், வேற என்ன செய்ய? வச்சதாலதானே தெரிஞ்சுது. அவ செவ்வாய்க்கிழமைக்குப் பதில் சொல்லட்டும். சொல்லலைன்னா இப்பவே முடிச்சிடறேன்."

கடைக்குள் ஜிபாரின் மூச்சு கேட்டது. அவள் மாமியாரைப் பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னால சொல்ல முடியாது" என்றாள். "ரொட்டி மேல கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எவனுக்குச் சத்தியம் பண்ணினே?" என்றான் எர்மெக். அவன் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே அந்த வார்த்தையை ஒருமுறை சொன்னான்.

ஒன்று.

மூன்றில் ஒன்று போய்விட்டது. ஜிபார் கதவின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அவள் உதடுகள் அசைந்தன, குழந்தையின் பெயராக இருக்கலாம், சத்தம் வரவில்லை. தன் வாழ்க்கையே கைவிட்டுப் போகிறபோதும் ஒருத்தி ரொட்டி மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றதைப் புருல்கான் பார்த்தாள். அந்தச் சத்தியம் யாருக்காக என்று அந்த நிமிடம் அவளுக்கும் தெரியவில்லை.

"வாயை மூடுடா" என்றாள் துர்சுனாய்.

அதட்டல் இல்லை. சோர்ந்த குரல். திரையை இன்னும் நெருக்கமாக இழுத்து வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தாடைக்குக் கீழே கொண்டுபோய், தலையை மூடிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியின் ஊசியைத் தேடினாள். ஊசி மடிப்புக்குள் போயிருந்தது, உடனே அகப்படவில்லை. "அம்மா, வேண்டாம், இங்க வேண்டாம்" என்று ஜிபார் ஓடிவந்து அந்தக் கைகளைப் பிடித்தாள். துர்சுனாய் அவளை விலக்கினாள். ஊசி கழன்றது. துணி ஒரு சுற்று தளர்ந்தது. காதுக்குப் பின்னால், முடி இருக்க வேண்டிய இடத்தில், பச்சைக் குழந்தையின் தலைபோல வெறும் தோல் தெரிந்தது.

இந்த ஊரில் அந்த வயதுப் பெண்ணின் திறந்த தலையைப் பெற்ற பிள்ளைகூடப் பார்த்திருக்கமாட்டான். வெளியே சந்தை நிரம்பி வழிந்தது. கடைக் கதவோ அகலத் திறந்து கிடந்தது.

புருல்கான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அடுத்த சுற்று அவிழ்வதற்குள் வெளியே வந்து, இரண்டு இரும்புக் கதவுகளையும் தனக்குப் பின்னால் இழுத்துச் சேர்த்தாள். வெளிப்பக்கம் கொக்கி கிடையாது. கதவில் முதுகைக் கொடுத்து, கைகளைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு கதவுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே துணி அவிழ்கிற சலசலப்பு கேட்டது. பிறகு நோவோசிபிர்ஸ்கிலிருந்து ஒரு குரல், "அம்மா" என்றது. பெரிய ஆணின் குரல் அல்ல அது. இருட்டில் விழுந்துவிட்ட சிறுவனின் குரல்.

"செவ்வாய்க்கிழமை அவ என்கூட இருந்தா" என்று துர்சுனாய் சொல்வது கேட்டது. "ஊசி மருந்து ஏறி முடியற வரைக்கும் என் காலடியில உக்காந்திருப்பா. வீட்டுக்கு வந்து நான் வாந்தி எடுத்த துணியெல்லாம் விடியறதுக்குள்ள அலசிப் போட்டுடுவா. நீ கேட்டா பதறி வேலையை விட்டுட்டு ஓடி வருவேன்னு நான்தான் ரொட்டி மேல கை வைக்கச் சொன்னேன். இப்பச் சொல்லு. ரெண்டாவது தடவை சொல்லு, கேக்குறேன்."

ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் வந்தது. அந்த வார்த்தை இரண்டாவது தடவை வரவில்லை.

கீறல் விழுந்த கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வரிசையைத் தாண்டி வேகமாக வந்தான். உள்ளே வேலை நடக்கிறதா என்று கேட்டான். ஆமாம் என்று தலையசைத்தாள். நீங்கள்தானே வெளியே நிற்கிறீர்கள், உள்ளே வேலை செய்வது யார் என்று கேட்டான். அவள் கதவை விட்டு அசையாததைக் கண்டு, பக்கத்தில் பொத்தான் விற்கிறவளைப் பார்த்தான். பொத்தான்காரி அவனைச் செருப்புக் கடைப் பக்கம் நிழலில் உட்காரச் சொன்னாள்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"அழாதே, மகளே" என்றது துர்சுனாயின் குரல். "அந்த முப்பத்தெட்டாவது ஆளை நீயே எடுத்து வெளிய போடு. யாரையும் கேக்க வேண்டாம்."

காற்று வந்து கதவை முட்டியது. நடுப்பகல் வெயிலில் இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது. புருல்கான் கையை எடுக்கவில்லை.